கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேலூருக்கு!

வசந்த காலத்துத் திருவிழா பார்க்க வேண்டுமானால் ஸ்பெயின் தேசத்துக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. செவில் நகரத்து ஏப்ரல் விழாவை நீங்களும் படங்களில் பார்த்திருப்பீர்கள். அடுக்கடுக்காய்ச் சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை, உச்சந்தலையில் ஒற்றைப் பூ, கையில் விசிறி! பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் விமானச் சீட்டு, விசா, தங்க இடம் என்று மாதக் கணக்கில் ஏற்பாடு செய்துகொண்டு போய் இறங்கினாலும் அங்கே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. விழா மைதானத்தில் கோடு போட்ட துணியால் ஆயிரத்துக்கு மேற்பட்ட கூடாரங்கள் அமைக்கிறார்கள். ஆட்டம், பாட்டு, விருந்து எல்லாம் அவற்றுக்குள்ளேதான். அவற்றில் பெரும்பாலானவை தனிக் குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தம். உள்ளே தெரிந்தவர்கள் யாராவது இருந்தால்தான் வாசலைத் தாண்டலாம். இல்லாவிட்டால் பொதுக் கூடாரங்கள் சில இருக்கின்றன. அவற்றிலே நின்று திருப்தி அடைய வேண்டியதுதான்.

இத்தனை ஜம்பமும் எதில் ஆரம்பித்தது தெரியுமா? மாட்டுச் சந்தையில்! 1847-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆடு மாடு விற்கக் கூடிய கூட்டம் அது. வியாபாரிகளோடு வந்த நாடோடிப் பெண்களும் பண்ணைப் பெண்களும் உடுத்தியிருந்த எளிய பாவாடைதான் பிற்பாடு சீமாட்டிகளின் நாகரிகம் ஆயிற்று. அந்த நாடோடிகளின் முன்னோர் நம் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று அவர்கள் பாஷையைக் கொண்டே பண்டிதர்கள் நிரூபித்திருக்கிறார்கள். தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை இன்றைக்கும் 'பானி'!

செவிலில் இப்போது மாடுகள் இல்லை. நம் கொங்கு நாட்டில் இருக்கின்றன. வெள்ளக்கோவில் பக்கத்துக் கண்ணபுரத்தில் சித்திரை மாதம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடும் சந்தையில் காங்கயம் காளைகளைக் கண் நிறையப் பார்க்கலாம். ஆனால் பெண்களும் குழந்தைகளுமாகப் போய் வர எனக்குப் பிடித்த ஊர் வேறு. அது காவிரிக் கரைப் பரமத்தி வேலூர். அங்கே மகா மாரியம்மனுக்கு நடக்கும் பங்குனித் திருவிழாவைத்தான் சொல்லப் போகிறேன். கொங்கு நாட்டார் இதை 'நோம்பி' என்பார்கள்.

முதலில் ஊரின் பெயர். பஸ் ஸ்டாண்டில் நின்று வெறுமனே "வேலூர்" என்று கேட்டால் கோட்டையும் பெரிய ஆஸ்பத்திரியும் உள்ள வட ஆற்காட்டு வேலூருக்கு உங்களை அனுப்பி வைத்துவிடுவார்கள். "பரமத்தி வேலூர்" என்று முழுசாகச் சொல்லுங்கள். பரமத்தி வேறு ஊர், வேலூர் வேறு ஊர். அடையாளத்துக்காக இரண்டையும் சேர்த்து வழங்குகிறார்கள். நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே, காவிரிப் பாலத்துக்கு வடகரையில் இருக்கிறது. ஊருக்குள் ரயில் கிடையாது. சேலம் – கரூர் ரயில் பாதை 2013-ல் வந்த பிறகு நாமக்கல்லிலோ மோகனூரிலோ கரூரிலோ இறங்கி பஸ் பிடிக்கலாம். பஸ்ஸில் ஏறும்போது, ஊருக்குள் வருமா, புறவழிச் சாலையோடு போய்விடுமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

அடுத்தது தேதி. செவில் விழாவை ஈஸ்டரை வைத்துக் கணக்கிடுகிறார்கள். புனித வாரம் கழிந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வரும். ஈஸ்டரோ வசந்தப் பௌர்ணமியை ஒட்டி வருவது. பெரும்பாலான வருஷங்களில் நம் பங்குனி உத்திரத்துப் பௌர்ணமியும் அதுவேதான்! இருவருக்கும் ஒரே நிலா. ஆனால் மாரியம்மன் நோம்பிக்கு நிலாவைப் பார்த்தால் போதாது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பூச்சாட்டுக்கு நாள் குறித்த பிறகே மற்றவை முடிவாகும். ஆகையால் மாசி மாதமே வேலூரில் தெரிந்தவர்களுக்கு ஒரு தபாலோ டெலிபோனோ போட்டு, "கம்பம் என்றைக்கு?" என்று விசாரித்துக்கொள்ளுங்கள். "தீமிதி என்றைக்கு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு அந்த ஒரு நாளைக்கு ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் பார்ப்பது கூட்டத்தின் முதுகை!

கம்பம் என்றால் என்ன? மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டி, தோல் சீவி, மஞ்சள் பூசி, அம்மன் சந்நிதிக்கு எதிரே நடுவார்கள். பால் வடியும் மரமாக இருப்பது வழக்கம். இதை அம்மனுடைய கணவராகவே பாவிக்கிறார்கள். 1960-களில் கண்ணபுரத்தின் அருகே தங்கி ஆராய்ச்சி செய்த பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மாது இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ராத்திரியில் கம்பத்தின் உச்சியில் பூவோடு என்னும் நெருப்புச் சட்டி எரியும். தப்பட்டை முழங்க ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். அது ஆண்களின் வேளை.

பெண்களின் வேளை விடியற்காலை. அதைத் தவற விட்டவர்கள் இந்தத் திருவிழாவையே பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். இருள் பிரியுமுன்பே தலை முழுகி, ஈரம் சொட்டும் மஞ்சள் புடைவையோடு, குடத்திலோ செம்பிலோ தண்ணீர் எடுத்து, மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைப் போட்டு வரிசையாக வருவார்கள். புது மணப்பெண் வருவாள். பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாட்டியும் வருவாள். பேச்சுச் சத்தம் அதிகம் இராது. கம்பத்தின் மேல் தண்ணீர் விழும் சப்தம்தான் கேட்கும். கம்பம் அங்கே நிற்கும் அத்தனை நாளும் இது தவறாமல் நடக்கும்.

வெறும் மரத்துக்கு ஏன் இத்தனை தண்ணீர்? இங்கேதான் அவர்கள் வசந்தமும் நம் வசந்தமும் வேறுபடுகின்றன. அவர்களுக்குக் குளிர் விட்டது, வெயில் வந்தது என்ற சந்தோஷம். நமக்கோ பங்குனி பிறந்தால் பயம். பெரியம்மை ஊர் ஊராகப் பரவியது இந்த மாதங்களில்தான். வங்காளத்தார் அம்மை நோய்க்கே 'வசந்தம்' என்று பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! வீட்டில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் தாய்க்கு வேறு போக்கிடம் ஏது? குளிரச் செய், தாயே, என்று தண்ணீர் ஊற்றினாள். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-ல். 1980-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அம்மை குத்திய ஊசிக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் நோய் போன பிறகும் குடம் நிற்கவில்லை. குழந்தை வேண்டும் என்றும், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும் என்றும், பையன் பரீட்சையில் தேற வேண்டும் என்றும் இப்போது ஊற்றுகிறார்கள். கவலைகளுக்கா பஞ்சம்?

நீங்களும் ஊற்றலாமா? தாராளமாக! செவில் கூடாரம்போல் வாசலில் நிறுத்திக் கேட்பவர் இல்லை. "எந்த ஊருங்க அம்மிணி?" என்று கேட்பார்கள், பதில் சொன்னால் குடத்துக்கு இடம் விடுவார்கள். முறைகள் சில உண்டு. காலில் செருப்பு கூடாது. வரிசையில் முந்தக் கூடாது. ஈரப் புடைவையோடு நிற்கும் பெண்களைப் போட்டோ எடுக்க வேண்டாம். பூச்சாட்டு முதல் நோம்பி முடியும் வரையில் வெளியூரில் இராத் தங்குவதில்லை என்று நியமம் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. ஆகையால் அந்தச் சமயத்தில் ஊர்க்காரர்களை, "எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்குங்களேன்" என்று வருந்தி அழைத்துத் தர்மசங்கடப்படுத்தாதீர்கள்.

தங்குவதற்கு நாமக்கல்லிலும் கரூரிலும் விடுதிகள் உண்டு. ஆனால் விடியற்காலைத் தண்ணீருக்கு அங்கிருந்து புறப்பட்டு வருவது சிரமம். உறவோ சிநேகிதமோ வேலூரிலேயே ஒரு வீடு இருந்தால் அதற்கு ஈடு இல்லை. இந்த விஷயத்தில் மட்டும் செவிலும் வேலூரும் ஒன்றுதான். போகும்போது வெறுங்கையோடு போகாமல் பூ, பழம், குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மனுக்கு மாவிளக்குப் போட்டுப் பொங்கலும் வைக்கும் நாள் வீட்டுக்கார அம்மாளுக்கு இடுப்பு ஒடியும் வேலை. விருந்தாளியாக உட்கார்ந்திராமல் மாவு இடிக்க ஒரு கை கொடுத்தால் அடுத்த வருஷமும் அழைப்பு வரும். கிடா வெட்டும் நாள் தனியாக உண்டு; பழக்கமில்லாதவர்களும் சிறு குழந்தைகளும் அன்று கோயில் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பகல் பொழுதை வீணாக்க வேண்டியதில்லை. கோயில் வாசல் பூவெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று வேலூரின் பூ ஏலச் சந்தையில் பாருங்கள். திருவிழா நாளில் குண்டுமல்லியின் விலை கேட்டால் நெஞ்சு படபடக்கும். ஊரைச் சுற்றிலும் வாழைத் தோட்டம். அகத்தி மரத்தில் படரவிட்ட வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் நுழைந்தால் வெயில் தெரியாது. நூறு இலை ஒரு கவுளி. 104 கவுளி சேர்ந்தது ஒரு சுமை. இந்தப் பசுமைக்கெல்லாம் காரணம் ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜ வாய்க்கால். அல்லாள இளைய நாயகர் வெட்டியது என்று சொல்லுவார்கள்.

காவிரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கமான கணக்கு. பங்குனியில் ஆறு இளைத்து, மணலும் பாறையுமாகச் சாதுவாகத் தெரியும். நம்பாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் உள்ளே ஒளிந்திருக்கும். குழந்தைகளின் கையை விட வேண்டாம்.

தீமிதி அன்று கூட்டம் சொல்லி முடியாது. வயதானவர்களை வீட்டில் விட்டுவிடுங்கள். தேரை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் கம்பம் ஆற்றுக்குப் போகும் நாளைத் தவற விடக் கூடாது. பத்துப் பதினைந்து நாள் தினம் தினம் நீராட்டிய கம்பத்தைப் பிடுங்கி, மேளதாளத்தோடு கொண்டுபோய்க் காவிரியில் விட்டுவிடுவார்கள். வாண வேடிக்கையைப் பார்த்துக் குழந்தைகள் கூச்சலிடும்போது, பெரிய மனுஷிகள் சிலர் அண்ணாந்து பார்க்காமல் ஆற்றையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு மஞ்சள் நீர் விளையாட்டு. முறைமாமன், முறைப்பெண் என்று யார் மேல் யார் ஊற்றுவார் என்று சொல்ல முடியாது. நல்ல புடைவையைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

இந்த வருஷம் தவறிவிட்டதா? வைகாசியில் கரூர் மாரியம்மன் கம்பம் அமராவதிக்குப் போகும். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மனுக்குத் திருவிழா. ஊர் திரும்பும்போது இரண்டு கவுளி வெற்றிலை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, வாழை மட்டையில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மாமி கட்டாயம் கேட்பாள்.