பட்டாளம் கட்டிய கலாசாலை

அமெரிக்காவில் மிஸௌரி ராஜ்யத்தின் தலைநகரம் ஜெபர்ஸன் நகரம். மிஸௌரி நதியின் தென்கரையில், மேட்டின்மீது எழும்பிய சட்டசபை மாளிகை, தூரத்தில் வரும்போதே யாத்ரிகர்களின் கண்ணைக் கவரும். பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனால் அதே ஊரில் லிங்கன் சர்வகலாசாலை என்று ஒன்று உண்டு. அங்கே வெண்கலத்தில் வார்த்த சிப்பாய்கள் நிற்கிறார்கள். கலைமகள் வாழும் இடத்தில் சிப்பாய்களுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். அந்தக் கலாசாலையை உண்டாக்கியவர்களே அவர்கள்தாம்!

1847-ம் வருஷத்தில் மிஸௌரி ராஜ்யத்தார் ஒரு சட்டம் செய்தார்கள். கறுப்பு மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடம் எதையும் யாரும் நடத்தலாகாது. நடத்தினால் அபராதம் அல்லது சிறைவாசம். அக்ஷரம் அறிந்த அடிமையைக் கண்டு எஜமானர்களுக்கு அவ்வளவு பயம்.

1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1863 டிஸம்பரில் ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் கறுப்புச் சிப்பாய்களின் பட்டாளம் ஒன்று திரட்டப்பட்டது. பிற்பாடு அதற்கு 62-வது காலாட்படை என்று பெயராயிற்று. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை அடிமைகள். கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போடுகிறவனுக்குத் தன் சம்பளக் கணக்கு சரியா, தப்பா என்பது எப்படித் தெரியும்?

லூயிஸியானாவில் முகாமிட்டிருந்தபோது, 1864 ஜூலையில், டேவிட் பிரான்ஸன் என்ற தளபதி ஓர் உத்தரவு போட்டார். 1865 ஜனவரி முதல் தேதிக்குள் வாசிக்கக் கற்காத ஹவில்தார், நாயக் போன்றவர்கள் சாதாரண சிப்பாய்களாக இறக்கப்படுவார்கள் என்பதே அது. அவ்வருஷம் அக்டோபரில் இன்னொரு உத்தரவு பிறந்தது. சீட்டாடி அகப்படுகிறவன் முகாமில் எல்லோரும் பார்க்கும்படி கையில் புஸ்தகத்துடன் நின்று பாடம் கற்க வேண்டும், மறுத்தால் பட்டினி! தண்டனை விசித்திரமானதுதான். ஆனால் பலன் என்ன?

பட்டாளத்தில் மிஞ்சிய 431 பேரில் 337 பேர் எழுத்துக் கூட்டினார்கள். 284 பேருக்குப் படிக்க வந்தது. 200 பேருக்கு எழுதவும் வந்தது. 99 பேர் கணக்கும் போட்டார்கள். அரிச்சுவடியே அறியாதவர் பத்துப் பேருக்கு மேல் இல்லை.

1866-ல் பட்டாளம் கலைந்தது. வீடு திரும்பும் சிப்பாய்களுக்கு ஒரு கவலை. பாசறையில் பெற்ற படிப்பு தங்களோடு நின்றுவிடலாமா? பிள்ளை குட்டிகளுக்கு வேண்டாமா? மிஸௌரியில் பள்ளிக்கூடம் வைப்பதென்று தீர்மானித்துச் சுமார் 5,000 டாலர் திரட்டினார்கள். 65-வது காலாட்படையும் ஆயிரத்துக்கு மேல் கொடுத்தது. மாதம் 13 டாலர் சம்பளம் பெற்ற ஒரு சிப்பாய் 100 டாலர் கொடுத்தார். ஏழு மாதத்து உழைப்புக்கும் மேல் அது!

அந்தப் பட்டாளத்து அதிகாரியான ரிச்சர்ட் பாஸ்டர் பொறுப்பேற்றார். 1866 செப்டம்பரில் கூரை ஒழுகும் பழைய கட்டிடம் ஒன்றில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் வந்த மாணவர்கள் இரண்டே பேர். அதுவே 1921-ல் சர்வகலாசாலையாயிற்று. 1954-ல் எல்லா இனத்தாருக்கும் கதவு திறந்தது.

கல்வியைத் தடுத்த சட்டம் பிறந்த அதே மாகாணத்தில், அதே தலைநகரத்தில், அந்தக் கட்டிடங்கள் நிற்கின்றன. ஜெபர்ஸன் நகரத்துக்குப் போகிறவர்கள் சட்டசபையைப் பார்த்த பிறகு, அந்த வெண்கலச் சிப்பாய்களையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டும்.