கொண்டச்சியில் முத்தும் மூச்சும்

மன்னாருக்குத் தெற்கே கொண்டச்சிக் குடாவைக் கண்டோம். முத்துக்குளிப்புக் காலத்தில் பெருநகரம்போல் விளங்கிய இக்கரையை, ரொபர்ட் பேர்சிவல் 1803-இல் வெளியான தம் நூலில் வருணிக்கிறார். கடல்கட்டி சுறாக்களைத் தடுக்க மந்திரம் ஓத, முத்துக்குளிப்பவன் கல்லில் காலூன்றி ஒரே மூச்சில் மூழ்குவான்; அவன் உயிர் கயிறு பிடித்த தோழன் கையில்.

இன்று பேராழம் செல்வோர், நைட்ரஜன் தரும் மயக்கத்தைக் குறைக்க ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கின்றனர். சிலர் அதை வீட்டிலேயே கலக்கின்றனர். அதில் பிராணவாயு குறைந்தால் நினைவு தப்பும். ஆழத்தில் மிகுந்தால் வலிப்பு வரும். ஆகவே ஒவ்வோர் உருளையையும் கருவியால் சோதித்து, அளவை அதன்மேல் எழுதுவது நெறி.

மாணவர்களே, இங்குள்ள முத்துப்பார்கள் 5 முதல் 10 பாகம் ஆழமே. அங்கே அழுத்திய தூய காற்றே போதும். அளவு காணாத உருளையோ, கயிறு பிடிப்பவன் உறங்கிய படகுக்கு ஒப்பாகும்.