பருவத்திற்கு முன் எழுதும் பலகை

மஸ்கெலியாவில் என் தகப்பனார் நடத்திவரும் சிறிய சைவ உணவுக்கடைக்கு ஆண்டில் இரண்டு வாழ்வு உண்டு. வைகாசி தொடங்கிக் கார்த்திகை வரையில் அது தோட்டத்து மக்களின் தேநீர்க் கடை. மார்கழி மாதத்து உந்துவப் பௌர்ணமியன்று சிவனொளிபாதமலைப் பருவம் பிறந்துவிட்டால், வெசாக் பௌர்ணமி வரையில் அது இரவெல்லாம் விழித்திருக்கும் யாத்திரிகர் கடை. ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி, நோர்வூட் வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பஸ்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மலையேறப் போகிறவர்கள் இரவு 9 மணிக்கும், இறங்கி வருகிறவர்கள் காலை 10 மணிக்கும் பசியோடு உள்ளே நுழைவார்கள். அந்த ஐந்து மாதத்து வருவாய்தான் மற்ற ஏழு மாதங்களையும் தூக்கி நிறுத்துகிறது.

பருவம் ஏன் மார்கழியில் பிறக்கிறது என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. தென்மேல் பருவக்காற்று மே மாதத்திலிருந்து இந்த மேற்குச் சரிவின்மீதுதான் தன் வலிமையெல்லாம் காட்டுகிறது. மழையும் மூடுபனியும் மலையை மறைத்துவிடும். படிகளில் நீர் அருவிபோல் இறங்கும். டிசம்பரில் காற்றுத் திசை மாறிய பின்னரே வானம் தெளிகிறது. தெளிந்த வானத்தின் கூடவே குளிரும் வந்துவிடும். இதே குளிர்ந்த வறண்ட காற்றுதான் இப்பகுதித் தேயிலைக்கு ஆண்டின் சிறந்த மணத்தைத் தருவதும். அந்த மணம் கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்துவிடும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குடியிருக்கும் நாங்கள் மூட்டையாக வாங்குவது தூள் தேயிலையே. மணம் மிகும் மாதங்களில் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் கொய்பவள் கையில் காசு குறையும். யாத்திரிகர்களால் எங்கள் கல்லாப்பெட்டி நிறையும் நாட்களில் எங்கள் பழைய வாடிக்கைக்காரர்களின் மடி இளைத்திருக்கும். இந்தச் சங்கடம் ஆண்டுதோறும் உள்ளதே.

கடையை ஆயத்தப்படுத்தும் வேலை ஐப்பசி நடுவிலேயே தொடங்கிவிடும். முதலில் சுவர்கள். ஆறு மாத மழையில் பாசி பிடித்துக் கறுத்துப்போன சுவர்களைச் சுரண்டி, வெள்ளையடிக்க வேண்டும். பின்பு விறகு. சவுக்கு மரத்துக் கிளைகளை வாங்கிப் பிளந்து, அடுப்புக்கு மேலுள்ள பரணில் அடுக்கிப் புகையிலேயே காயவைப்போம். வேலைக்கு வரும் பையன்களுக்கு மருத்துவப் பரிசோதனை, சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, இரவல் வாங்கும் வாங்குகள் ஆகியவை எல்லாக் கடைகளுக்கும் பொதுவானவை; அவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை.

குளிரோடு போராடும் சமையற்கட்டைப் பற்றித்தான் சமவெளி வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மாலையில் அரைத்த தோசைமா காலையில் தானே பொங்கியிருக்கும். இங்கே தை மாதத்தில் அது அரைத்தபடியே அசையாமல் இருக்கும். ஆகவே அம்மா நண்பகலிலேயே அரைத்துவிடுவார். உழுந்தோடு வெந்தயம் சற்றுக் கூடுதலாக ஊறும். மாவை வெந்நீர் விட்டுக் கரைத்துப் பானையைச் சாக்கினால் சுற்றி, அடுப்பின் பக்கத்தில் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைப்பார். இரவில் ஒருமுறை எழுந்து, பானையின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி வைப்பதும் உண்டு.

தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். எனவே போத்தல்கள் எல்லாம் அடுப்பங்கரையில் வரிசையாக நிற்கும். குளிர்ந்த கண்ணாடிக் குவளையில் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் படீரென்று வெடிக்கும். ஒவ்வொரு குவளையையும் முதலில் வெந்நீரில் அலச வேண்டும். பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்கும் காரணம் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. 2,243 மீற்றர் உயரமுள்ள மலையுச்சியில் 93 பாகையும் தேவையில்லை. கொதிக்கிறது என்று நம்பிப் பருப்பை இறக்கிய புதுப்பையன்கள் அம்மாவிடம் பட்ட பாட்டை இங்கே எழுதினால் அவர்கள் வருந்துவார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் என்னுடைய பங்கு ஒன்றே ஒன்று: விலைப்பலகை. எட்டாம் வகுப்பில் எழுத்தழகுக்குப் பரிசு வாங்கிய நாள் முதல் அது என் வேலையாயிற்று. ஆசிரியையாகி இவ்வளவு காலம் சென்ற பின்னும், பருவத்திற்கு முன்பு கரும்பலகையைக் கழுவிக் கரி பூசி, வெள்ளை வர்ணத்தால் ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவேன். யாத்திரிகர்கள் பெரும்பாலும் புலால் தவிர்த்து வருபவர்கள். ஆகவே முட்டை ரொட்டி பலகையிலிருந்து இறங்கிவிடும். பாற்சோறும் இஞ்சிக் கோப்பியும் ஏறிக்கொள்ளும்.

விலையைப் பொறுத்தவரையில் அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தில் வடை, தோசை முதலியவற்றின் விலையை ஓரளவு உயர்த்துவார். பிளேன்டீயின் விலையைத் தொடமாட்டார். அது கொழுந்துக்குப் போகும் பெண்கள் விடியுமுன் குடித்துவிட்டுப் போவது. இந்த வழக்கம் என் தாத்தாவுடையது. அவருடைய கடை பழைய மஸ்கெலியாப் பட்டினத்தில் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்திற்காக அந்தப் பட்டினம் நீருக்குள் போயிற்று. தாத்தா ஆட்டுக்கல்லையும் இரண்டு வாங்குகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். வறட்சியில் நீர் தாழும்போது பழைய கோயிலின் சிதைவு தலைகாட்டும். அப்பா அந்தப் பக்கம் பார்த்துக் கடை இருந்த இடத்தைக் கையால் காட்டுவார். எனக்கு நீரைத் தவிர வேறொன்றும் தெரிந்ததில்லை.

2021ஆம் ஆண்டு அந்த வழக்கம் முறிந்தது.

அதற்கு முந்திய இரண்டு பருவங்களும் எங்களுக்குப் பருவங்களாகவே இருக்கவில்லை. 2020 மார்ச் மாதம் நாடெங்கும் ஊரடங்கு வந்து பருவத்தை நடுவில் வெட்டியது. அடுத்த பருவமும் நோய்க் கட்டுப்பாடுகளோடு கழிந்தது. மூன்றாவதிலாவது கடனை அடைக்கலாம் என்று காத்திருந்தபோது, 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கிற்று. ஒரு கிலோ பால்மா ஒரே மூச்சில் 250 ரூபா கூடியது. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,675 ரூபாவுக்கு ஏறியது. பிறகு விலை கொடுக்க மனமிருந்தும் சிலிண்டர் கிடைக்கவில்லை. கிடைத்தவை வெடிக்கின்றன என்ற செய்தி வேறு. நான் வற்புறுத்தித்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு அப்பா எரிவாயு அடுப்பு வாங்கினார். மூலையில் சாமான் அடைந்து கிடந்த மண் அடுப்புகளைப் புற்றுமண்ணும் சாணமும் குழைத்து அவரும் அம்மாவும் மெழுகியபோது, நான் அதிகம் பேசாமல் மண் குழைத்துக் கொடுத்தேன்.

பௌர்ணமி டிசம்பர் 18ஆம் தேதி. 17ஆம் தேதி மாலை வரையில் பலகையில் பிளேன்டீக்கு எதிரே இடம் வெறுமையாகவே இருந்தது. கடை பூட்டி, பையன்கள் படுக்கப் போன பிறகு அப்பா சொன்னார்:

“முப்பது போடு, பிள்ளை.”

“இருபதிலிருந்தா, அப்பா?”

“போடு. சனம் பார்க்கிற நேரத்தில் எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன்.”

எழுதினேன். அந்த இலக்கம் மட்டும் சிறிது கோணலாக விழுந்தது. அவ்வாண்டுதான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. ஆனால் பல தோட்டங்களில் கொய்ய வேண்டிய கொழுந்தின் நிறை கூடி, வேலைநாட்கள் குறைந்தன. எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அது தெரியும், எழுதச் சொன்னவருக்கும் தெரியும்.

மறுநாள் விடியுமுன், பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே, மேற்பிரிவு லயத்திலிருந்து எப்போதும் வரும் மூதாட்டி வந்தார். ஓய்வு பெற்றும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர். எழுத்தறியாதவர். குடித்துவிட்டு, வழக்கம்போல் இருபது ரூபாவை மேசைமேல் வைத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் அந்த நோட்டை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த இளைஞன் பலகையைப் பார்த்தான், மூதாட்டியைப் பார்த்தான். முப்பது ரூபா வைத்துவிட்டுப் போனான். இவ்வாறே நாட்கள் சென்றன. என் தகப்பனாரின் நல்ல மனத்தை எண்ணி நான் உள்ளூரப் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

பன்னிரண்டாம் நாள் மூதாட்டியோடு அவருடைய பேத்தியும் வந்தாள். பள்ளி விடுமுறை. சிறுமி பலகையை அண்ணாந்து பார்த்து, வகுப்பில் வாசிப்பதுபோல் உரத்த குரலில் ஒவ்வொரு வரியாக வாசிக்கத் தொடங்கினாள். நான் அவளை நிறுத்த நினைப்பதற்குள் “பிளேன்டீ முப்பது ரூபா” என்று முடித்துவிட்டாள். கிழவியின் கை மேசைமேல் அப்படியே நின்றது. அன்று முப்பது ரூபாவை எண்ணி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியேறினார்.

மறுநாள் சேலைத் தலைப்பை அவிழ்த்து 110 ரூபாவை மேசையில் வைத்தார்.

“பதினொரு நாள் பாக்கி, தம்பி. எண்ணிப் பாருங்க.”

“இது எதுக்கு அக்கா? எடுங்க, எடுங்க” என்று அப்பா பதறினார்.

“கடன்னு சொல்லியிருந்தா கொப்பியில எழுதிக்கிட்டுக் குடிச்சிருப்பேன். சொல்லாம கொள்ளாம கடன்காரி ஆக்கிட்டீங்களே. அந்தப் பையன் பார்த்த பார்வை எனக்கு இப்பதான் விளங்குது.”

அப்பா பணத்தை எடுத்துக்கொண்டார். வேறு வழியில்லை. அன்று முழுவதும் இறங்கிவந்த யாத்திரிகர்களுக்குத் தோசை போதாமல் போயிற்று, பாற்சோறு அடிப்பிடித்தது. இரவு கணக்குப் பார்த்தபோது அந்த 110 ரூபாவை அவர் மற்றக் காசோடு சேர்க்காமல் தனியே வைத்திருந்ததைக் கண்டேன். இரக்கப்பட்டதில் தவறென்ன என்று நான் சில நாட்கள் மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். கேட்காமல் காட்டிய இரக்கம் அது. அதைச் சுமந்தது நாங்கள் அல்ல, அவர்.

அந்தப் பருவம் எப்படியோ ஓடிற்று. 2022இல் நாடு பட்ட துன்பம் யாவரும் அறிந்ததே. விறகடுப்பு அணையவில்லை, பால்மா இல்லாத நாட்களில் பால்தேநீர் என்ற வரியை மட்டும் பலகையில் துணியால் மூடிவைத்தோம்.

அடுத்த பருவத்திற்குப் பலகையை நான் பட்டப்பகலில் எழுதினேன். கடை நிறைய ஆட்கள் இருக்கும் மாலை நேரத்தில், வாசலிலேயே வாங்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டு. மூதாட்டி கூடையை இறக்கிவைத்துவிட்டு அருகில் வந்து நின்றார்.

“என்ன தாயி எழுதுற? வாசிச்சுக் காட்டு.”

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் விலையோடு வாசித்தேன். பிளேன்டீ நாற்பதாகியிருந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். உள்ளே நின்ற அப்பாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

“சரி. வடையைக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு.”