தொட்டில் ஏறாத மழலைகள்

சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் சிறைப்பட்டுக் குடவாயிற் கோட்டத்தில் இருந்தபோது பாடியதாகப் புறநானூற்றில் 74 ஆம் பாட்டு அமைந்துள்ளது. தண்ணீரையும் இரந்து பெற நேர்ந்த இழிவை எண்ணி உயிர்விட்ட மன்னன் அவன். பள்ளியில் அப்பாட்டை மானத்திற்கு எடுத்துக்காட்டாகவே நாம் பயின்றோம். ஆனால் அதன் தொடக்கத்தில் வேறொரு செய்தியும் உண்டு. அரசர் குடியில் பச்சிளங் குழந்தை இறந்தாலும், உருவம் திரளாத தசைப்பிண்டமே பிறந்தாலும், அதனைப் புறக்கணியாது, வீரர்க்குரிய வாள்வடுவை அதன் மேனியில் இட்டே அடக்கம் செய்வராம்.

வாளால் கீறும் அவ்வழக்கத்தை இன்று நாம் போற்ற வேண்டுவதில்லை. அதன் உட்கருத்தையே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மூச்சும் விடாத சிசுவையும் தம் குடியில் ஒருவராகவே முன்னோர் கொண்டனர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நாமோ, "அது ஒரு பிள்ளையா? கனவென்று எண்ணி மறந்துவிடு" என்கிறோம். எது நாகரிகம்?

ஏட்டுப் புலமையைக் காட்டுவதற்காக இதனை எழுதவில்லை. 2011 ஆம் ஆண்டில், கட்கியில் நாங்கள் குடியிருந்தபோது, எங்கள் இரண்டாவது மகவு எட்டாம் திங்களில் உயிரின்றிப் பிறந்தது. பெண் குழந்தை. மருத்துவமனையில் மராத்தியில் கூறியவற்றுள் பாதி இல்லாளுக்கு விளங்கவில்லை. ஊரிலிருந்து அவள் அன்னை வந்து சேர இரண்டு நாட்களாயின. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரந்தது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடல் தன் கடமையைத் தொடங்கிவிடுகிறது. குழந்தை உயிருடன் இருக்கிறதா இல்லையா என்பதை அது அறியாது. இவ்வாறு நேரும் என்று எவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் எழுத இயலவில்லை.

தொலைபேசியில் ஆறுதல்கள் வந்தன. "மூத்தவன் இருக்கிறானே, அதுவே போதும்." "வயது இருக்கிறது, அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்." "பிறந்து வளர்ந்து போயிருந்தால் இன்னும் துன்பமல்லவா?" சொன்னவர்கள் அனைவரும் நல்லவர்கள், எங்கள்பால் அன்புடையவர்கள். ஆயினும் ஒவ்வொரு சொல்லும், நீங்கள் இழந்தது பெரிதன்று என்றே எங்கள் செவியில் விழுந்தது.

அண்டை வீட்டு மராத்தி மூதாட்டியார் ஒருவர், நாங்கள் 'ஆஜி' என்று அழைப்போம், பாக்ரியும் பிட்லையும் சமைத்து எடுத்துக்கொண்டு வந்தார். இல்லாளின் அருகில் தரையில் அமர்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "குழந்தை யாரைப் போல் இருந்தாள்?" என்று கேட்டார். அதுவரை எவரும் கேளாத வினா அது. தனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில், நெற்றி தன் தாயைப் போலவும், முடி சுருளாகவும் இருந்ததென இல்லாள் கூறினாள். கூறிய பிறகே வாய்விட்டு அழுதாள். அன்று முதல் அவள் சிறிது உண்ணவும் உறங்கவும் தொடங்கினாள்.

முதியவர் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரியும். துக்கம் கேட்கச் செல்ல நாள் உண்டு. உணவு அனுப்ப முறை உண்டு. பதினாறாம் நாள் என்றொரு கணக்கும் உண்டு. சிசு மறைந்தாலோ, சடங்கின்றிப் புதைத்துவிட்டுப் பேச்சையும் உடன் புதைத்துவிடுகிறோம். இதற்குக் காரணம் முன்னோரின் கல்நெஞ்சம் அன்று. 1971 இல் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் மறைந்தன. அதாவது ஏறக்குறைய எட்டில் ஒன்று. ஒவ்வொரு மறைவுக்கும் நீண்ட துக்கம் காத்திருந்தால் வாழ்க்கையே நடந்திராது. மேலும், அன்று தெருவிலிருந்த தாய்மாருள் பலர் அத்துயரை அறிந்தவர்கள். அதனைச் சொல்லி விளக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

2020 இல் அந்த 129 என்னும் எண் 28 ஆகக் குறைந்துவிட்டது. மருத்துவத்தின் அருஞ்செயல் இது, மகிழத்தக்கது. ஆனால் இழப்பு அருகியதும், இழந்தவள் தனித்துப்போனாள். அடுக்கு மாடிக் குடியிருப்பில் அவளை ஒத்த இன்னொருத்தி எதிர்வீட்டில் இருப்பதில்லை. பழைய மௌனம் மட்டும் மாறாமல் நிற்கிறது. இறந்தே பிறக்கும் குழந்தைகள் இந்த எண்ணிக்கையில் அடங்குவதும் இல்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 20 இலட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறக்கின்றன.

நாம் வாழும் இந்தப் புனே நகரமே இத்துயரின் ஆற்றலுக்குச் சான்றாக விளங்குகிறது. ஆனந்திபாய் ஜோஷி ஒன்பது வயதில் மணம் முடிக்கப்பெற்றார். கணவர் கோபால்ராவ் அஞ்சல் துறை எழுத்தர். பதினான்கு வயதில் ஆனந்திபாய் ஈன்ற ஆண் மகவு பத்து நாட்களே வாழ்ந்தது. தக்க மருத்துவம் கிட்டாமையே காரணம் என்று உணர்ந்த அந்தச் சிறுமி, தாமே மருத்துவராவது என்று உறுதி பூண்டார். 1883 இல் கடல் கடந்து அமெரிக்கா சென்று, 1886 இல் பென்சில்வேனியாவின் மகளிர் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1887 பிப்ரவரியில், 22 வயது நிறையுமுன், இந்நகரிலேயே மறைந்தார். அந்தப் பத்து நாள் மகவை அவர் கனவென்று மறந்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

விடுப்புக் கோப்புகளிலேயே நமது அலுவல் நாட்கள் கழிகின்றன. 2022 செப்டம்பரில் நமது மேசைக்கு ஒரு சுற்றாணை வந்தது. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்து 28 நாட்களுக்குள் மறைந்தாலோ, மத்திய அரசின் பெண் ஊழியர்க்கு 60 நாள் சிறப்பு மகப்பேற்று விடுப்பு உண்டு என்பது அது. அத்தகைய இழப்பு தாயின் மனத்தை நெடுங்காலம் பாதிக்கும் என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. வறண்ட அலுவலக நடையில் அமைந்த அந்த வாசகத்தை நாம் இருமுறை படித்தோம். கருச்சிதைவு நேரின், பணிக்காலம் முழுமைக்கும் 45 நாட்கள் வரை விடுப்பு முன்பே உண்டு. தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கும் கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்புச் சட்டப்படி உண்டு. ஹிஞ்சவடியிலும் பிம்ப்ரியிலும் பணிபுரியும் நம் பெண்மக்களுள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? 2022 ஆம் ஆண்டு ஆணையில் தந்தையரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிறு துணிப்பொதியைக் கையில் ஏந்திச் சென்று மண்ணிட்டு வருபவன் அவன்தானே!

பிற நாடுகளில் பெற்றோரே முன்வந்தனர். இங்கிலாந்தில் 1978 இல், மகவை இழந்தோர்க்கென 'சாண்ட்ஸ்' என்னும் அமைப்புத் தோன்றியது. அமெரிக்காவில் 1988 இல் அக்டோபர் மாதம் இத்தகைய பெற்றோரை நினைக்கும் மாதமாக அறிவிக்கப்பட்டது. நியூசிலாந்து 2021 இல் கருச்சிதைவுற்ற தாய்க்கும் அவள் துணைவர்க்கும் துக்க விடுப்பளிக்கச் சட்டம் இயற்றியது.

நம் சங்கம் செய்யத்தக்கவை எளியவை. ராஸ்தா பேட்டை, கட்கி, தேஹு ரோடு எனத் தமிழர் வாழும் பகுதிகளில் மராத்தியும் தமிழும் அறிந்த மூத்த பெண்மணிகள் சிலர் முன்வரட்டும். மருத்துவமனையில் தனித்து நிற்கும் நம் பெண்ணுக்கு, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்க ஒருவர் உடனிருந்தால் அதுவே பேருதவி. பத்து நாட்களுக்கு வீட்டுக்கு உணவு செல்லட்டும். வாரங்கள் கடந்தும் உறக்கமின்மையும் வெறுமையும் நீங்கவில்லையெனில், 14416 என்னும் அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம் என்று சொல்லுங்கள். கணவனையும் தனியே அழைத்து நலம் கேளுங்கள். வளைகாப்புக்கு அவளை அழைக்காமல் விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். வருவதும் வராததும் அவள் விருப்பமாக இருக்கட்டும்.

அடுத்த குழந்தையைப் பற்றிப் பேசாதீர்கள். போன குழந்தையைப் பற்றிக் கேளுங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். நினைவூட்டினால் புண்படுமே என்று அஞ்ச வேண்டா. அவள் மறந்திருந்தாலன்றோ நினைவூட்டுவதற்கு! எங்கள் மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் குழலி. இந்த மலரில் அது அச்சேறுவதே அவளுக்கு நாங்கள் நடத்தும் பெயர்சூட்டு விழா. உங்களுள் எவர் இல்லத்திலேனும் இத்தகைய பெயர் ஒன்று இருந்தால், அடுத்த கூட்டத்தில் எங்களிடம் வந்து சொல்லுங்கள். கேட்பதற்குக் காத்திருக்கிறோம்.