தருமபுரித் தோட்டங்களில் துல்லியப் பண்ணையம்

நீரும் உரமும் பயிருக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில், வேரடியிலேயே சேரும்படி செய்யும் சாகுபடி முறை துல்லியப் பண்ணையம். அமெரிக்கப் பெரும்பண்ணைகளில் இது செயற்கைக்கோள் வழிகாட்டும் இயந்திரங்களோடு வளர்ந்தது. தமிழ்நாட்டிலோ கிணற்றுப் பாசனத்தை நம்பிய சிறு தோட்டங்களில் வேரூன்றியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்கான திட்டத்தைத் தொடங்கியது. 3 ஆண்டுகளில் 400 ஹெக்டேர் என்பது இலக்கு. ஒரு விவசாயிக்கு 1 ஹெக்டேர். புதிய முறையில் இறங்கத் தயங்கியவர்களுக்காக முதல் ஆண்டில் முழு மானியம் தரப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அது படிப்படியாகக் குறைந்தது.

வேலை மண்ணில் தொடங்குகிறது. பல ஆண்டு உழவால் மேல்மண்ணுக்கு அடியில் இறுகிய படலம் உருவாகி, வேரையும் நீரையும் கீழே இறங்கவிடாமல் தடுக்கிறது. டிராக்டரில் பூட்டிய உளிக்கலப்பை அதை ஆழமாகக் கீறி உடைக்கிறது. பிறகு தொழுவுரமும் அடியுரமும் இட்டு, 120 செ.மீ. அகல மேட்டுப்பாத்திகள் அமைக்கிறார்கள். ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் சொட்டுநீர்ப் பக்கக்குழாய் ஓடுகிறது.

நாற்று நிழல்வலைக் குடிலில் வளர்கிறது. குழித்தட்டுகளில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைக்கிறார்கள். வீரிய ஒட்டு விதையின் விலை அதிகம் என்பதால் ஒரு விதையையும் வீணாக்க முடியாது. தக்காளி நாற்று சுமார் 25 நாளில் நடவுக்கு ஆயத்தமாகிவிடும். வேர்க்கட்டு கலையாமல் எடுத்து நடுவதால் நாற்று வாடாமல் உயிர்பிடிக்கிறது. வயலில் நாற்று பட்டுப்போய் விழும் வெற்றிடமும் குறைகிறது.

நடவுக்குப் பின் கவனம் முழுவதும் சொட்டுநீர்க் குழாய்களின் மேல். நீரில் கரையும் உரத்தை, உரக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சும் வென்சுரி என்ற கருவி வழியாக, பெரும்பாலும் 3 நாளுக்கு ஒருமுறை, பாசன நீரோடு அனுப்புகிறார்கள். வேர்பிடிக்கும்போதும் பூக்கும்போதும் காய்க்கும்போதும் பயிரின் தேவை மாறுவதால் உர அட்டவணையும் மாறுகிறது. கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட் உரத்தோடு ஒரே தொட்டியில் கலந்தால் வீழ்படிவு உண்டாகும். ஆகவே அவற்றைத் தனித்தனியே விடுகிறார்கள். வடிகட்டியைக் கழுவுவது, குழாய் முனையைத் திறந்து அழுக்கை வெளியேற்றுவது, உப்புப் படிந்த துளைகளை அமிலக் கரைசலால் சுத்தம் செய்வது ஆகியவை இடைவிடாத பணிகள். ஒரு துளை அடைத்துக்கொண்டால் அந்தச் செடி நீரோடு உரத்தையும் இழக்கிறது. முன்பு வாய்க்காலில் மடை திருப்பிய விவசாயி இப்போது அழுத்தமானியைப் படித்து, தேதிவாரியாகக் குறிப்பு எழுதுகிறார். நாற்று எடுப்பதும் நடுவதும் காய் பறித்துத் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைப்பழக்கத்தில் நிற்கின்றன. இந்த முறையின் துல்லியம் கருவிகளில் மட்டும் இல்லை. அவற்றை அன்றாடம் கையாளும் இந்த மனிதர்களிடமும் இருக்கிறது.

விளைச்சல் கூடினாலும் விலை சரிந்தால் வருமானம் இல்லை. தக்காளி ஒரே நேரத்தில் சந்தையில் குவியும்போது இந்த ஆபத்து பெரிது. அதனால் திட்டத்தில் சேர்ந்தவர்கள் துல்லியப் பண்ணைய விவசாயிகள் சங்கங்களாகத் திரண்டார்கள். இடுபொருளைச் சேர்ந்து வாங்கவும், விளைபொருளுக்கு விலை பேசவும், ஒருவர் தோட்டத்தில் கண்டதை மற்றவர் கற்கவும் சங்கம் உதவியது. புதிய முறையைப் பரப்ப வேண்டுமானால், கருவிக்கு மானியம் தருவதோடு பயிற்சி, பராமரிப்பு, சந்தைத் தொடர்பு மூன்றும் உடன் வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதன் சுமை விவசாயியின் தலையில்தான் விழும்.