எரிந்த டிராக்டர்

புகெகோஹேயின் மண் செம்பழுப்பு. எரிமலைக் குழம்பு ஆறிப் பொடிந்து உண்டான மண். வெங்காயமும் உருளைக்கிழங்கும் செழிப்பாக வரும். ஆக்லாந்து நகர மையத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 2010 முதல் நிர்வாகக் கணக்கில் அதுவும் ஆக்லாந்துதான். 1920களில் இந்திய, சீனத் தோட்டக்காரர்களுக்கு எதிராக 'வெள்ளை நியூசிலாந்து லீக்' என்று ஒரு சங்கமே தொடங்கிய ஊர் இது. குஜராத்தி, பஞ்சாபிக் குடும்பங்கள் அதையும் தாண்டி இங்கே வேர் பிடித்தன.

அங்கே ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறார் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். போன அக்டோபரில், உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது வண்டி வயல் நடுவே பற்றிக்கொண்டது. குதித்துத் தப்பினார். மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. போன் சார்ஜ் போடுவதற்காகக் கேபினுக்குள் அவராக ஒரு ஒயர் இழுத்திருந்தார், அதுதான் காரணமாம். அவருடைய விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் இந்த நாட்டில் இருப்பதே கேள்விக்குறி.

"அண்ணே, நீங்க கம்ப்யூட்டர் ஆளு. டிராக்டர்லேருந்து டேட்டா எடுக்கலாமாமே, கொஞ்சம் வந்து பாருங்கண்ணே" என்றார்.

சர்வர்கள் ஏன் விழுந்தன என்று தேடிச் சொல்லிப் பிழைப்பவன் நான். கடைசியாக யார் கை வைத்தார்களோ அவர் மேல்தான் முதல் பழி விழும் என்பது அந்தத் தொழிலில் தினமும் பார்ப்பது.

நான் போன அன்று காப்பீட்டு ஆய்வாளரும் வந்திருந்தார். முன்பு தீயணைப்புத் துறையில் இருந்தவர். எதையும் தொடாமல் வண்டியை மூன்று சுற்று சுற்றினார். தீ மேலே போகப்போக விரியும். ஆகவே கருகல் அகலமாக இருக்கும் இடம் காரணத்தைச் சொல்லாது, கீழே குறுகி ஆழமாக எரிந்திருக்கும் இடம்தான் சொல்லும் என்றார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்பு 1,085இல். எந்த உலோகம் எங்கே வழிந்திருக்கிறது என்று பார்த்தாலே வெப்பத்தின் வரைபடம் கிடைத்துவிடும். கேபினின் கூரையும் இருக்கையும் போயிருந்தன. ஆனால் டாஷ்போர்டின் அடிப்பக்கம், சார்ஜர் ஒயர் ஓடிய இடம், உருகிய பிளாஸ்டிக்கோடு அப்படியே இருந்தது. இஞ்சினுக்கு மேலே, டர்போவின் அருகில், அலுமினியக் காற்றுக்குழாய் மெழுகுபோல வழிந்து உறைந்திருந்தது.

ஸ்டார்ட்டருக்குப் போகும் கம்பியில் சிறுசிறு செம்பு மணிகள். ஷார்ட் ஆனதன் அடையாளம். "பார்த்தீர்களா?" என்றார் முதலாளி. ஆய்வாளர் தலையாட்டவில்லை. கம்பியில் மின்சாரம் இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. தீக்கு முன்பா பின்பா என்று மணி சொல்லாது.

அங்கேதான் என் பங்கு வந்தது. வண்டியின் ஜிபிஎஸ் கருவி சில நொடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பியிருந்தது. 12.38க்கு இஞ்சின் அணைகிறது. 1.21க்குக் கிளம்புகிறது. 1.34க்குப் புகையைப் பார்த்துத் தம்பி சாவியைத் திருப்பும்வரை மின்னழுத்தம் 14 வோல்ட்டில் ஆடாமல் நிற்கிறது. ஒயரில் பெரிய ஷார்ட் என்றால் அந்தக் கோடு துள்ளியிருக்க வேண்டும். சாவியை அணைத்தாலும் ஸ்டார்ட்டர் கம்பியில் பேட்டரி மின்சாரம் இருக்கும். தீ உறையை எரித்த பிறகு உண்டான மணிகள் அவை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மிச்சம் இருந்தது நடுவில் உள்ள 43 நிமிடம். "சாப்பாட்டு நேரத்தில் பானெட் மூடியிருந்ததா?" என்று கேட்டார் ஆய்வாளர். மூடியிருந்தது. டார்ச்சை அடித்துக்கொண்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் தீ எட்டாத ஒரு மூலையிலிருந்து இடுக்கியால் ஒன்றை இழுத்தார். பாதி கருகிய காய்ந்த புல், கொஞ்சம் ஆட்டு ரோமம், ஒரு இறகு.

ஸ்டார்லிங். நம்மூர் மைனாவின் குடும்பம். சோளக்கதிர் மேயக் கூட்டமாக வரும் சூறைக்குருவிக்கும் நெருங்கிய உறவு. பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடிக்கட்டும் என்று 1860களில் ஆங்கிலேயர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்ட பறவை. பொந்து கண்டால் விடாது, டிராக்டரின் பானெட் அதற்கு நல்ல பொந்து. 20 நிமிடத்தில் கூடு கட்டிவிடும் என்று எஃப்எம்ஜி என்ற விவசாயக் காப்பீட்டு நிறுவனம் வசந்தகாலம்தோறும் எச்சரிக்கிறது. சுமை இழுக்கும் இஞ்சினின் டர்போ 400 டிகிரியைத் தாண்டும். காய்ந்த புல் பற்ற அவ்வளவு வேண்டாம். கிளம்பிய 13ஆவது நிமிடம் புகை வந்த கணக்கும் சரியாக உட்கார்ந்தது.

அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. காரணம்: பறவைக்கூடு. முதலாளி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சார்ஜர் ஒயர் இனிமேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். எனக்குக் கோபம் வந்தது. தம்பிக்கு வரவில்லை. "வேலை இருக்குல்லண்ணே" என்றார்.

நவம்பரில் நான்கு நாள் விடாத மழை. மாற்று டிராக்டர் ஷெட்டிலேயே நின்றது. ஐந்தாம் நாள் காலை தம்பியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. திறந்த பானெட், ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குப் புல், அதற்குள் வெளிர்நீலத்தில் ஒரே ஒரு முட்டை. கீழே எழுதியிருந்தார்: "இத என்னண்ணே பண்றது?"