ஹார்டு டிஸ்க்கும் அனாமத்துக் கணக்கும்

போன மாசம் எங்க வீட்டு கம்ப்யூட்டர் இரும ஆரம்பிச்சுது. கிளிக்... கிளிக்... அப்புறம் ரெண்டு நிமிஷம் அப்படியே உறைஞ்சு நிக்கும். டி டிரைவைத் திறந்தா மேல பச்சைக் கோடு மட்டும் ஊர்ந்துக்கிட்டே இருக்கும், உள்ள ஒண்ணும் வராது.

எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். கூகுள்ல தேடி, கறுப்பு ஜன்னலைத் திறந்து, செக்டிஸ்க் கமாண்டை 'எஃப்' சேர்த்து ஓட்டினேன். இது என்ன பண்ணுதுன்னு காமர்ஸ் பசங்களுக்குச் சொன்னா டக்குனு புரியும். எந்த ஃபைல் எங்க இருக்குன்னு டிஸ்க்ல பேரேடு மாதிரி ஒரு அட்டவணை இருக்கு. எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போச்சுன்னா பற்று எழுதியாச்சு, வரவு எழுதலைங்கற கதைதான். 'எஃப்' வந்து இருப்பாய்வு போட்டுப் பார்த்து அதைச் சமன் பண்ணும். யாருக்குச் சொந்தம்னே தெரியாத துண்டுகளை 'ஃபவுண்ட்.000'னு ஒரு ஃபோல்டர்ல தூக்கிப் போட்டுரும். நம்ம அனாமத்துக் கணக்கேதான்! வித்தியாசம் எங்கேன்னு தெரியலைன்னா நாமும் அங்கதானே தள்ளுவோம் :)

எனக்கும் அந்த ஃபோல்டர் வந்துச்சு. ஆனா கிளிக் சத்தம் நிக்கலை. சரி, பெரிய மருந்தாவே கொடுப்போம்னு 'ஆர்' போட்டுட்டு தூங்கப் போயிட்டேன். காலைல பார்த்தா 11 சதவீதம். காலேஜ் போய்ட்டு சாயங்காலம் வந்து பார்த்தாலும் அதே 11.

மறுநாள் ரயில்ல கிளாஸ்மேட் ஒருத்தன்கிட்ட பெருமையா இதைச் சொன்னேன். அவன் சாயங்காலம் ஒரு சர்வீஸ் கடையில வேலை பார்க்கிறவன். "டேய், மூச்சு வாங்கறவனை மாடிப்படி ஏத்தி இறக்கிட்டு இருக்கியா? வீட்டுக்குப் போன் பண்ணி முதல்ல அதை நிறுத்தச் சொல்லு"ன்னான்.

அப்புறம்தான் விளங்குச்சு. பேரேட்டுல எழுதினது தப்பா இருக்கறது வேற, பேரேட்டுத் தாளையே செல்லரிச்சுப் போறது வேற. 'எஃப்' முதல் ரகத்துக்கு. 'ஆர்' அதோட சேர்த்து டிஸ்க்ல இருக்கற ஒவ்வொரு இடத்தையும் படிச்சுப் பார்க்கும். படிக்க முடியாத இடத்தை 'இனி இங்க எழுதாதே'ன்னு குறிச்சு வெச்சுட்டு, அங்க இருந்ததைக் கைவிட்டுட்டு நகர்ந்துரும். நல்ல டிஸ்க்கா இருந்தா பிரச்சினை இல்லை. சாகக் கிடக்கற டிஸ்க்ல, உள்ளே இருக்கறதை வெளியே எடுக்கறதுக்கு முன்னாடி இதை ஓட்டினா போச்சு. நான் அதைத்தான் பண்ணிட்டு இருந்தேன்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எழுதி வெச்சுக்கற ஸ்மார்ட் குறிப்புகளை அது எடுத்துக் காட்டும். அதுல 05, 197, 198 இந்த மூணு வரியைத்தான் முக்கியமாப் பார்க்கணும். முதலாவது இடம் மாத்தின செக்டர்கள், ரெண்டாவது படிக்க முடியாம காத்துக்கிடக்கறது, மூணாவது தேறாததுன்னு முடிவானது. எல்லாம் பூஜ்யமா இருந்தா நிம்மதி. என்னோட 197-ல 1B8னு இருந்துச்சு. அது ஹெக்ஸ் எண்ணாம். மாத்திப் பார்த்தா 440.

மாமா கடையோட டேலி கணக்கு பென்டிரைவ்ல இருந்ததால தப்பிச்சேன். எனக்கு வயித்தைக் கலக்கினது வேற ஒண்ணு. எங்க ஆயா 2014-ல பழையனூர் நீலி கதை சொல்லும்போது அம்மா போன்ல பதிவு பண்ணி வெச்சிருந்தோம். 22 நிமிஷம், ரெண்டு எம்பி சில்லறை. அந்த போன் எப்பவோ போயிடுச்சு, ஆயாவும் 2016-ல போயிட்டாங்க. குரல் டி டிரைவ்ல மட்டும்தான்.

இதே பழையனூரை எங்க ஊர்க் கோயிலுக்கு ராஜேந்திர சோழன் கொடுத்ததைச் சொல்ற செப்பேடு 31 ஏடு. 1905-ல கிடைச்சுது. எழுதி ஆயிரம் வருஷம் ஆயிடுச்சு, இன்னும் படிக்க முடியுது. என் தகடு எட்டு வருஷம்கூடத் தாங்கலை. என்ன பண்றது, செப்பேட்டுல ஆயா குரல் வராதே.

காப்பாத்தினது எங்க அக்காவோட லேப்டாப். பிளஸ் டூவுல கவர்மெண்டு கொடுத்தது. (அந்தத் திட்டமே 2011 செப்டம்பர்ல எங்க மாவட்டத்துக் காக்களூர்லதான் தொடங்குச்சு!) பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, ஆனா சார்ஜர்ல ஓடும். நண்பன்கிட்ட யூஎஸ்பி பெட்டி கடன் வாங்கி நோயாளி டிஸ்க்கை அதுல மாட்டி, பென்டிரைவ்லேர்ந்து லினக்ஸை ஏத்தி, டிடிரெஸ்க்யூவை ஓட்டினோம். இது செக்டிஸ்க் மாதிரி ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நிக்காது. சுலபமா படிக்க முடியறதை முதல்ல அள்ளிக்கும், கஷ்டமான இடங்களுக்குக் கடைசியா திரும்பி வரும். நோயாளி டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதாது. எது வரைக்கும் வந்தோம்னு தனியா ஒரு ஃபைல்ல குறிச்சும் வெச்சுக்கும். நடுவுல கரண்டு போச்சு. கரண்டு வந்ததும் அதே கமாண்டைக் கொடுத்தா விட்ட இடத்துலேர்ந்து தொடங்குது. நானும் நண்பனும் கைதட்டினதைப் பார்த்து அம்மா பயந்துட்டாங்க.

முப்பது மணி நேரம் ஆச்சு. கடைசியில 190 கேபி மட்டும் கிடைக்கலை. நகலைப் புது டிஸ்க்குல இறக்கி, அங்கே 'எஃப்' ஓட்டினேன்.

ஆயா ஃபைல் திறந்துச்சு. ஆனா கிடைக்காத 190-ல 12 கேபி இதுல இருந்தது. பழைய போன் பதிவுல அது ஏழெட்டு விநாடிக்கு மேல வராது. அது போனது எங்கே தெரியுமா? ஊர்ப் பெரியவங்க முன்னாடி, நீலி கையில இருக்கற கள்ளிக்கட்டைக் குழந்தை செட்டியைப் பார்த்துக் கூப்பிடற இடம். ஆயா குரல் போய் வெறும் இரைச்சல்.

அம்மா கீரை ஆய்ஞ்சுட்டே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இரைச்சல் வந்ததும் தலையை நிமிர்த்தாம, ஆயா இழுக்கற மாதிரியே "அப்பா...ன்னு கூப்ட்டுச்சாம்"னு சொன்னாங்க. அதுக்குள்ள ஆயா திரும்பவும் வந்து எழுபது வேளாளரும் வாக்குக் கொடுக்கற இடத்துக்குப் போயிட்டாங்க.